ஆலிஸையும் ஒரு கட்டு போட்டு அனுப்புங்கள்

கடலோர ஊர்களின் நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை எங்கள் பக்கத்து நூலகங்களுக்குப் புத்தகக் கட்டு அனுப்பும்போது லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையையும் அதில் சேருங்கள். பேருக்கு ஒன்று வேண்டாம், ஒவ்வொரு நூலகத்துக்கும் நாலைந்து பிரதியாவது வேண்டும். அவை பீரோவில் வைத்துப் பூட்டுவதற்கு அல்ல, பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவதற்கு. ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

160 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் எழுதிய கதை இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாடம் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் கதை வாசிப்பது எங்கள் வகுப்பில் வழக்கம். ஆலிஸை எடுத்தபோது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும் முயல், குடித்தால் சுருங்கிப்போகும் புட்டி, சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகும் பூனை எல்லாம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பிடிக்கிற மாதிரியே இவர்களுக்கும் பிடித்தன. பூனையைச் சிலர் ஏற்கெனவே செல்போனில் பார்த்திருந்தார்கள். ஆனால் கதை கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் வகுப்பே வேறாகிவிட்டது. ஆலிஸ் கதையில் கடற்கரை உண்டு என்பது சின்ன வயதில் படித்த பலருக்கே நினைவிருக்காது. பாறை விளிம்பில் தனியாக உட்கார்ந்து விம்மி விம்மி அழுகிற ஒரு போலி ஆமை வரும். கடலுக்கடியில் தான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆலிஸிடம் ஓயாமல் பேசும். அப்புறம் சிங்கி இறால்களோடு ஆடும் ஒரு நடனத்தை ஆடிக் காட்டும்.

ஜான் டென்னியல் வரைந்த படத்தில் அந்த ஆமைக்குக் கன்றுக்குட்டித் தலை, பின்னங்காலில் குளம்பு, மாட்டு வால். ஒரு பையன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஆமைக்கு ஏதுக்கா குளம்பு? துடுப்புல்ல இருக்கணும்?" என்றான். "முன்னால துடுப்புதான் இருக்கு, பாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். உடனே அது எந்த ஆமை என்று விவாதம் கிளம்பிவிட்டது. பேராமையா, பங்குனி ஆமையா, அழுங்காமையா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டு விருந்துகளில் பேராமை சூப் வைப்பார்கள், அதற்கு வசதி இல்லாதவர்கள் கன்றுக்குட்டித் தலையைப் போட்டு அதே மாதிரி ஒரு சூப் காய்ச்சுவார்கள், அதை வைத்துத்தான் இந்தப் படம் என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் ஆமை பிடித்து விற்ற கதையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்ட பிள்ளைகள் இவர்கள். "அதான் அழுவுதாக்கா?" என்று ஒரு சின்னவன் கேட்டான். இலக்கியம் படித்தவர்கள்கூட அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிங்கி இறால் படத்துக்கு வந்தபோது இன்னும் சத்தம். டென்னியலின் சிங்கி கண்ணாடி முன்னால் நின்று தன்னை அலங்காரம் செய்துகொள்ளும். அதற்குப் பெரிய பெரிய கொடுக்கு. எங்கள் கடலில் கிடைக்கும் சிங்கிக்கு அப்படிக் கொடுக்குக் கிடையாது, நீளமான மீசைதான் உண்டு. "இது நம்ம கடல் சிங்கி இல்ல, குளிர் கடல் சிங்கி" என்று கடைசியில் அவர்களே தீர்த்துவைத்தார்கள். சரியான தீர்ப்பு. நடனத்தில் சிங்கிகளைத் தூக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கடலுக்குள் வீசுவார்கள் என்று வாசித்ததும், "அய்யோ, உயிரோட இருக்கறதப் போய் வீசுறாங்களே!" என்று ஒரு பெண் பதறினாள். உயிரோடு இருக்கும் சிங்கிக்கு ஒரு விலை, செத்துப்போனதற்கு ஒரு விலை என்பது அவள் வீட்டுக் கணக்கு.

அந்த நடனத்துக்குப் பாடும் பாட்டில், கடலுக்குள் வர நத்தை பயப்படும். மீன் அதற்குத் தைரியம் சொல்லும்: எவ்வளவு தூரம் போனால் என்ன, அந்தப் பக்கம் இன்னொரு கரை இருக்கிறது, இங்கிலாந்தை விட்டு விலக விலக பிரான்ஸ் கிட்டே வரும். ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து எழுதிய வரி இது. இங்கே வாசித்தால் எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்புகிறது. தனுஷ்கோடி முனையைத் தாண்டினால் இலங்கையின் தலைமன்னார். அந்தக் கரையின் பெயர் கேட்காமல் இங்கே ஒரு பிள்ளையும் வளர்வதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது" என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். புரியாது என்று சொல்பவர்கள் யாரும் இந்தப் பிள்ளைகள் முன்னால் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. நகரத்துப் பிள்ளை படத்தில் மட்டும் பார்க்கிற ஆமையும் சிங்கியும் நண்டும் இவர்கள் கையில் தொட்டுப் பார்த்தவை. ஆலிஸ் தன் கண்ணீரிலேயே நீந்தும்போது வாயில் உப்புக் கரித்ததும் கடலில் விழுந்துவிட்டோமோ என்று நினைப்பாள். அந்தக் கரிப்பு என்ன என்று நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். படகில் பிறந்த கதை இது. 1862 ஜூலை 4ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு ஆசிரியராக இருந்த சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன், தன் நண்பர் ராபின்சன் டக்வொர்த்தோடு சேர்ந்து கல்லூரித் தலைவரின் மூன்று மகள்களைத் தேம்ஸ் ஆற்றில் படகில் அழைத்துப் போனார். துடுப்புப் போட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொன்ன கதைதான் ஆலிஸ். நடுப்பிள்ளை ஆலிஸ் லிடலுக்கு அப்போது பத்து வயது. இதை எனக்கு எழுதித் தர வேண்டும் என்று விடாமல் கேட்டது அவள்தான். கேட்டுக் கேட்டு, 1864 நவம்பரில் கையாலேயே எழுதி, தானே படங்களும் வரைந்து, அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதற்கு முன்பே, அச்சுக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கியபோது, கதையின் கைப்பிரதி எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா வாசித்துக் காட்டினார். மகன் கிரேவில்லுக்கு ஆறு வயதுபோல இருக்கும். இந்தப் புத்தகத்துக்கு அறுபதாயிரம் தொகுதி இருக்க வேண்டும் என்று சொன்னான். 1865இல் மாக்மில்லன் மூலம் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் புத்தகம் வெளிவந்தது.

ஆக, இந்தப் புத்தகத்தை முதலில் தேர்ந்தெடுத்தது ஒரு பத்து வயதுப் பெண், அப்புறம் ஒரு சின்னப் பையன். பெரியவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தான். அதற்குப் பிறகு அது ஒரு தலைமுறைகூட அச்சில் இல்லாமல் போனதில்லை. 170க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய்விட்டது. தமிழிலும் எஸ். ராமகிருஷ்ணன் மொழிபெயர்த்திருக்கிறார். சினிமாவாக, கார்ட்டூனாக, நாடகமாக வந்தது எத்தனையோ. சினிமா வந்ததால் புத்தகம் செத்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். "செல்போன் காலத்தில் யார் படிக்கப் போகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எங்கள் வகுப்பில் அந்தப் பூனையைச் செல்போனில் பார்த்திருந்த பிள்ளைகள்தான் புத்தகத்தில் அது எப்போது வரும் என்று முண்டியடித்தார்கள்.

கரோல் தன் புத்தகத்தைப் பற்றி எடுத்த சில முடிவுகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வேலைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை அவை. அட்டை என்ன நிறம் என்று பேச்சு வந்தபோது, பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்றார். கலைநோக்கில் அது சிறந்ததாக இல்லாமல் போகலாம், ஆனால் குழந்தைகளின் கண்ணுக்கு அதுதான் பிடிக்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். முதலில் அச்சிட்ட 2,000 பிரதிகளில் படங்கள் சரியாக விழவில்லை என்று டென்னியல் குறைப்பட்டார். அச்சுச் செலவு தன் கையைக் கடிக்கும் என்று தெரிந்தும் கரோல் அத்தனையையும் நிறுத்திவிட்டு மறுபடி அச்சிட வைத்தார். திரும்பி வந்த பிரதிகள் மருத்துவமனைகளில் இருந்த குழந்தைகளுக்குப் போயின. 1887இல் வசதி குறைந்த வீடுகளுக்கும் எட்டட்டும் என்று மலிவுப் பதிப்பு போட்டார், விலை இரண்டரை ஷில்லிங். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத சின்னக் குழந்தைகளுக்காக 1890இல் படங்களைப் பெரிதாக்கி, வண்ணம் போட்டு, கதையைப் புதிதாகவே எழுதித் தனிப் புத்தகம் கொண்டுவந்தார். ஒரு புத்தகம் தானாக நிலைத்துவிடுவதில்லை. நல்ல படம், பிடித்த அட்டை, கைக்கெட்டும் விலை, ஏழைப் பிள்ளை வீட்டுக்கும் போய்ச்சேர ஒரு வழி இத்தனையும் அதற்குக் கிடைத்தன. எழுதியவரே பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்ய முடிந்தவர்கள் நீங்கள்.

அந்தக் கையெழுத்துப் பிரதியின் கதை தனிக் கதை. ஆலிஸ் வயதான பிறகு, 1928இல் அதை ஏலத்தில் விட்டார். 15,400 பவுண்டுக்குப் போய் அமெரிக்கா சேர்ந்தது. 1948இல் அமெரிக்கர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி இங்கிலாந்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அது பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அது அப்படி இருக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊர் நூலகத்தில் இருக்கும் கதைப் புத்தகங்களும் அதே மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதுதான் எனக்கு வேதனை.

நான் சொல்லும் நூலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு நூலகத்தின் குறையும் அல்ல இது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் மேசைமேல் இருக்கின்றன. அவை வேண்டும்தான், அண்ணன்களும் அக்காக்களும் படித்து வேலைக்குப் போகட்டும். நாளிதழ்கள் இருக்கின்றன. குழந்தைகள் பகுதி என்று எழுதிய பீரோ பூட்டியிருக்கும். நூலகர் நல்ல மனிதர். சாவி கேட்டால் திறந்து காட்டுவார், அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்வார். வீட்டுக்குத் தர மட்டும் கை வராது. தொலைந்தால் தன் தலையில் விழும் என்ற பயம். உப்புக் காற்றில் அட்டை சுருண்டுபோகும், ஸ்டேபிள் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும் என்பது இன்னொரு கவலை. பயம் அவருடையது, அதைப் போக்குகிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. குழந்தைகள் புத்தகம் படித்துக் கிழிந்தாலோ கரையோர ஈரத்தில் கெட்டுப்போனாலோ நூலகர் பொறுப்பில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பீரோ தானாகத் திறக்கும்.

புத்தகம் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்தேன். என் பிரதியை ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். அவள் அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். மறுநாள் சாயங்காலம் ஏதோ வேலையாக அந்த வீட்டுப் பக்கம் போனபோது, அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நீ ஏன் நிறுத்துற? அந்தப் பிள்ளைய வெளிய எடுத்தாங்களா இல்லையா?" என்றார் அம்மா. ஆலிஸ் முயல் வீட்டுக்குள் பெரிதாக வளர்ந்து, கையை ஜன்னல் வழியாகவும் காலைப் புகைபோக்கி வழியாகவும் விட்டுக்கொண்டு மாட்டிக்கொள்ளும் இடம் அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். அந்த வீட்டில் ஒரு புத்தகம் இரண்டு பேருக்குக் கதை சொன்னது. நூலகத்து மேசையில் அது நடக்காது.

இப்போது மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் புத்தகம் என்று எங்களுக்கு வருகிற கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் நன்னெறிக் கதைகள், தலைவர்கள் வரலாறு, பொது அறிவு. கதை என்றால் கடைசி வரியில் "நீதி" என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆலிஸ் இத்தனை காலம் நின்றதே அந்த நீதி வரி இல்லாததால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரோல் காலத்துப் பிள்ளைகளை நீதிப் பாட்டுகள் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஐசக் வாட்ஸ் 1715இல் எழுதிய தேனீப் பாட்டு அதில் ஒன்று: தேனீயைப் போல் சுறுசுறுப்பாய் இரு, சோம்பலாய் இருந்தால் சைத்தான் கெட்ட வேலை கொடுப்பான் என்று போகும். முயல் பொந்துக்குள் விழுந்த ஆலிஸ் அதை ஒப்பிக்கப் பார்ப்பாள். வாயில் வருவதோ, வாலைப் பளபளவென்று வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு குட்டி மீன்களை வாய்க்குள் வரவேற்கும் முதலைப் பாட்டு! இன்றைக்கு அந்தத் தேனீப் பாட்டை யார் பாடுகிறார்கள்? அப்படி ஒன்று இருந்தது என்பதே பலருக்கு இந்த முதலையால்தான் தெரியும். அதே புத்தகத்தில் ஒரு சீமாட்டி வருவாள். கூர்மையான தன் முகவாயை ஆலிஸின் தோளில் அழுத்திக்கொண்டு, எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு நீதி கண்டுபிடிப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு நீதி உண்டு, தேடினால் கிடைக்கும் என்பாள். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது பிள்ளைகள் தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த முகவாய் எப்படிக் குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு சொல்கிறது, பள்ளிக்கூடம் சொல்கிறது, கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் சொல்கின்றன. கதைப் புத்தகத்தில் மட்டுமாவது அவர்களாக நினைத்துப் பார்க்க இடம் விடுங்கள்.

அந்த இடம் எதற்கு என்பதை எனக்குக் காட்டியது ஒரு பத்து வயதுப் பிள்ளை. கதையின் கடைசியில் ஒரு நீதிமன்றம் வரும். ராஜா நீதிபதி, சாட்சிக்கு வந்தவர்கள் உளறுவார்கள், ராணி "முதலில் தண்டனை, அப்புறம்தான் தீர்ப்பு" என்று கத்துவாள். எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் அப்பா எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு அந்தக் கரையில் காவலில் இருந்த நேரம் அது. வாய்தா, காவல் நீட்டிப்பு, அபராதம், படகு பறிமுதல் ஆகிய சொற்களை எல்லாம் அந்த வயதில் அவள் வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். அவளே "வாசிங்கக்கா" என்றாள். ஆலிஸ் மளமளவென்று வளர்ந்து, நீங்கள் எல்லாம் வெறும் சீட்டுக்கட்டுதானே என்று சொல்ல, சீட்டுகள் எல்லாம் பறந்து அவள் மேல் விழும். அந்தப் பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அடுத்த நாளும் அதையே கேட்டாள். நான் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அவள் எதையும் சொல்லவும் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது. எந்த நன்னெறிக் கதையும் அந்த நேரத்தில் அவளுக்கு அதைக் கொடுத்திருக்காது என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

நம்முடைய கதைகள் இல்லையா, வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். தாத்தா பாட்டி சொல்லும் பேய்க் கதைகளும் கடல் கதைகளும் இந்தப் பிள்ளைகளிடம் தாராளமாக இருக்கின்றன. 1964 புயலில் போன தனுஷ்கோடியைப் பற்றிக் கேட்டு வளர்கிறவர்கள் இவர்கள். ஒரு ஊரே கடலுக்குள் போகும் என்று தெரிந்த பிள்ளைக்கு, பூமிக்குக் கீழே ஒரு உலகம் இருப்பது அதிசயமாகவே படுவதில்லை. ஆலிஸ் வந்ததால் எங்கள் பக்கத்துக் கதைகள் எதுவும் குறைந்துபோகவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஒரு பையன், ஆவுளியா என்கிற கடல்பசுவின் முதுகில் ஏறிக் கடலுக்கடியில் பள்ளிக்கூடம் போகும் கதையைத் தானே கட்டிச் சொன்னான்.

ராமேஸ்வரத்தில் வளர்ந்த அப்துல் கலாம் தன் சிறு வயதைப் பற்றி எழுதும்போது, ஊரில் புத்தகம் கிடைப்பதே அரிதாக இருந்ததையும், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற விடுதலைப் போராட்டக்காரர் வீட்டில் பெரிய நூலகம் இருந்ததையும், அவர் படிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியதையும், அடிக்கடி அங்கே போய்ப் புத்தகம் வாங்கி வந்ததையும் சொல்கிறார். இந்த மாவட்டத்து மேடைகளில் கலாம் பெயரைச் சொல்லாமல் ஒரு கூட்டமும் நடப்பதில்லை. அவருக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய அந்த மனிதரை யாரும் நினைப்பதில்லை. நாட்டுக்கே வழிகாட்டியாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் ஒவ்வொரு வீட்டு வரியோடும் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. எங்கள் ஊர் ஓட்டு வீடுகளும் அதைக் கட்டுகின்றன. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்கும் முன்பே 1931இல் தன் ஐந்து விதிகளில் முதலாவதாக எழுதியது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நூலகத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடங்களில் வாசிப்பு இயக்கம் வந்ததிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்தன, பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள். அதை மனதார வரவேற்கிறேன். கடைசிப் படியைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்து ஒரு முழு நாவல் வேண்டும். நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கதையோடு வாழ்ந்து பார்க்க வேண்டும். அந்த நாவல் ஊர் நூலகத்தில்தான் இருக்க முடியும்.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். ஆலிஸின் மூலத்துக்கு இங்கிலாந்தில் 1907லேயே காப்புரிமை முடிந்துவிட்டது. டென்னியல் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் படங்களை யாரும் அச்சிடலாம். மொழிபெயர்ப்பாளருக்கு உரியதை முறையாகக் கொடுத்துவிட்டால் மிச்சம் காகிதமும் அச்சுக் கூலியும்தான். நீங்கள் மனம் வைத்தால் அரசே ஒரு மலிவுப் பதிப்பு போடலாம். போடுவதாக இருந்தால் சில வேண்டுகோள்கள். முழுக் கதையையும் போடுங்கள். முப்பது பக்கத்துக்குச் சுருக்கி, கடைசியில் நீதி எழுதிய பதிப்பு தயவுசெய்து வேண்டாம். டென்னியலின் 42 படங்களும் இருக்கட்டும், அந்த ஆமையையும் சிங்கியையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டேபிள் பின் அடிக்காமல் நூலால் தைத்துக் கட்டுங்கள், எங்கள் காற்றுக்கு அதுதான் தாங்கும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் அம்மாக்களும் படிப்பார்கள். அட்டை சிவப்பாக இருந்தால் சந்தோஷம்.

தடைக்காலத்துக்கு முன் ஏன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், வர்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மற்ற மாதங்களில் பிள்ளை தூங்கும்போது கிளம்பி, பள்ளிக்கூடம் போன பிறகு வரும் அப்பாக்கள் அந்த இரண்டு மாதமும் ஊரில் இருப்பார்கள். பாதிக்கு மேல் பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். வருமானம் இல்லாத காலம், கையில் காசு ஓடாது, வெளியூர் போக வழியில்லை. வலை பின்னும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை கதை படிக்க வருஷத்தில் வாய்ப்பான நேரம் அது ஒன்றுதான். அந்த இரண்டு மாதம் மட்டுமாவது எங்கள் கரையோர நூலகங்களைச் சாயங்காலம் ஏழு மணி வரை திறந்துவைக்க உத்தரவு போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை இரண்டு புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பணம் கேட்காதீர்கள். அந்த மாதங்களில் ஐம்பது ரூபாய்கூட ஒரு வீட்டுக்குப் பெரிய தொகை. எந்தப் பிள்ளை எடுத்துப் போனது, எப்போது திருப்பித் தந்தது என்று நோட்டுப் போட்டு எழுதிவைக்க என் வகுப்பில் எட்டாவது படிக்கும் பெண்கள் தயாராக இருக்கிறார்கள்.

தொண்டியிலிருந்து சாயல்குடிக் கடற்கரை வரைக்கும், வடகடல் தென்கடல் இரண்டு பக்கமும் இருக்கிற நூலகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எங்கள் ஊர் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை. ஏப்ரலுக்குள் முடியாது என்றால் எப்போது முடியும் என்று ஒரு தபால் கார்டு போடுங்கள், பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்போடும் நம்பிக்கையோடும்,
கரையோர ஊர் ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை